அப்பாவின் கன்னத்துக்குள் ஒரு பல்

வெள்ளவத்தைப் பல் டொக்டர் கம்பியால் என் முன்பல்லைத் தட்டினார். "நிறம் மாறிட்டுது. கழட்டிப்போட்டுப் புதுசு வைப்பமா?"

ஒன்பது வயதில் கடற்கரைப் பாறையில் விழுந்தபோது வேரோடு கழன்ற பல் அது. பாலில் போட்டு உடனே கொண்டுவரும்படி கொட்டாஞ்சேனை டொக்டர் போனில் சொன்னார். வீட்டில் பால் இல்லை. வாய்க்குள் எச்சிலில் வைத்திருந்தாலும் போதும் என்றாராம். நான் விழுங்கிவிடுவேன் என்று பயந்து, அப்பா அதைத் தன் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டார்.

பஸ்ஸில் யாரோடாவது ஓயாமல் கதைக்கும் மனுஷன், அன்று வாயே திறக்கவில்லை. கொண்டக்டரிடம் இரண்டு விரலைக் காட்டினார். இறங்குமிடத்தை நான்தான் இரத்தம் வடியச் சொன்னேன். வழி முழுக்க அவர் கை என் தலையிலேயே இருந்தது. கொட்டாஞ்சேனை டொக்டர் அந்தப் பல்லைத் திரும்ப அதே இடத்தில் பதித்துவிட்டார்.

அப்பா போய்ப் பல வருடமாகிறது.

"வேண்டாம் டொக்டர்," என்றேன். "அது அப்பா வாயில வச்சுக் கொண்டுவந்த பல்லு."