பூதப்பாண்டியில் சூரியனைப் பார்க்கும் மாப்பிள்ளை

தங்கை வித்யாவுக்கு வந்த வரன் பூதப்பாண்டிக்காரர், பெயர் பகவதி. சூரியனைக் கண்காணிக்கும் செயற்கைக்கோள் அனுப்புகிற படங்களை வீட்டு மாடியில் இருந்தே ஆராய்கிறாராம். அந்தச் செயற்கைக்கோள் இருப்பதோ பதினைந்து லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால். போய்ச் சரிபார்க்க முடியாத வேலையைச் சொல்கிறவரை எப்படி நம்புவது? அதோடு, பெண் பார்த்துவிட்டுப் போய் மூன்று வாரமாகியும் பதில் இல்லை. வித்யா போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தாள். எதையோ மறைக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, திற்பரப்பு அருவியில் குளிக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மதுரையில் இருந்து நாகர்கோவில் சுமார் 245 கிலோமீட்டர். இரவுப் பேருந்து ஏறினால் விடியும்போது வடசேரியில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து பூதப்பாண்டிக்கு நகரப் பேருந்தில் அரை மணி நேரம். எனக்குச் சீட்டு பன்னிரண்டு ரூபாய். வழியெல்லாம் வயலும் மலையும் அழகு என்பார்கள். நான் பக்கத்து இருக்கைக்காரரைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். பர்ஸில் இருந்து கையை எடுக்கவில்லை.

கோவில் பக்கத்து டீக்கடையில் விசாரணையைத் தொடங்கினேன். திற்பரப்புக்குப் போகிற வழியில் இறங்கியதாகச் சொன்னேன். திற்பரப்புக்கு இது வழியே இல்லை என்றார் கடைக்காரர். சமாளித்துக்கொண்டு பகவதியைப் பற்றிக் கேட்டேன். தங்கமான பையன், ஆனால் வெயிலில் தலைகாட்டுவதே இல்லை என்றார். சூரியனை ஆராய்கிறவர் வெயிலுக்கு ஒளிவானேன்? சந்தேகம் இரட்டிப்பாயிற்று. டீக்குக் காசு வாங்கவும் மறுத்துவிட்டார். அதையும் குறித்துக்கொண்டேன்.

இரண்டு தெரு தள்ளி வீடு. கதவைத் தட்டுமுன்பே பகவதி திறந்தார்.

“வாங்கண்ணே. டீக்கடையில இருந்து அப்பமே போன் வந்தாச்சு.”

மாடிக்குக் கூட்டிப்போனார். கணினியில் சூரியன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு வட்டம், சுற்றிலும் வெண்மையாகப் புகை போல ஏதோ ஒன்று. சூரியனையே மறைத்துவிட்டீர்களே என்றேன்.

“நடுவுல உள்ள வெட்டத்த, அந்த வெளிச்சத்த மறைச்சாத்தான் சுத்தி உள்ளது தெரியும். கண் கூசாது, பாத்துக்கிடுங்க.”

கொஞ்சம் தயங்கிவிட்டு, தன் மாமா போன மாதம் மதுரைக்கு வந்து எங்கள் தெருவில் விசாரித்ததைச் சொன்னார்.

“பெண்ணப் பத்தி ஒரு குறையும் சொல்லல்ல. அண்ணன்காரரு எல்லாத்தையும் சந்தேகப்படுவாரு, நிம்மதியா இருக்க விடமாட்டாருன்னு சொன்னாவ. அதான் பதில் சொல்லாம யோசிச்சோம்.”

எனக்கு முகம் சுண்டிவிட்டது. மூன்று வாரமாக வித்யா காத்திருந்தது என்னால்தான். கேட்பதற்கு மனதில் எவ்வளவோ வைத்திருந்தேன். ஒன்றுதான் வாயில் வந்தது. அவளை நன்றாகப் பார்த்துக்கொள்வீர்களா என்றேன்.

“அதுக்கு இந்தத் தெருவுல சாட்சி கிடையாதுண்ணே. இனிமேதான பாக்கணும்.”

அந்தப் பதிலில் மட்டும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. அவர் வீட்டில் இருந்தே வித்யாவை அழைத்து, போனை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன்.

பூதப்பாண்டிக்குப் போகிறவர்கள் காலையிலேயே போனால் கோவிலை நிதானமாகப் பார்க்கலாம். திற்பரப்புக்கு நாகர்கோவில் திரும்பி வேறு பேருந்து பிடிக்க வேண்டும். யாரையாவது விசாரிக்கப் போகிறீர்கள் என்றால் நேரே அவர் வீட்டுக் கதவைத் தட்டிவிடுங்கள். உங்களைப் பற்றி அவர்கள் ஏற்கெனவே விசாரித்திருப்பார்கள்.