மெனுவின் கடைசி வரி

மயிலாடுதுறையில் ஒரு ஸ்கேன் சென்டரில் நான்கு வருடம் ரிப்போர்ட் தட்டச்சு செய்தேன். டாக்டரம்மா திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் ஸ்கேன் பார்த்தபடியே சொல்வார். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். எல்லாவற்றையும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் ஆயத்த வாக்கியங்களோடு ஒரு மெனு திறக்கும். அதில் முதல் வரி, குழந்தையின் இதயத் துடிப்பு சீராக உள்ளது என்பது. கடைசி வரி, துடிப்பு இல்லை என்பது.

தரங்கம்பாடிப் பக்கம் ஒரு மீனவக் கிராமத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். ஐந்தாம் மாதம். கணவன் கடலுக்குப் போயிருந்ததால் தனியாக வந்திருந்தாள்.

"துடிப்பு நல்லா இருக்கு, நார்மல்" என்றார் டாக்டரம்மா.

வலது பொத்தானை அழுத்தினேன். மெனு மின்னி மறைந்தது. நான் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் ரிப்போர்ட்டில் 'துடிப்பு இல்லை' என்று விழுந்திருந்தது. அழித்துவிட்டு மறுபடி அழுத்தினேன். அதே வரி. மூன்றாவது முறையும் அதுவே வந்தது. சரியான வாக்கியத்தைக் கையாலேயே அடித்துக் கொடுத்து அனுப்பினேன். அவளுக்குப் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் மெனு ஒழுங்காகத் திறந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பலித்துவிடும் போலிருந்தது.

ஏழாம் மாதம் திரும்பி வந்தாள். அவள் விவரங்களைத் திறந்தேன். அழுத்தினேன். மின்னல் போல ஒரு வெட்டு. துடிப்பு இல்லை.

எழுந்து திரைச்சீலையை விலக்கினேன். "மேடம், துடிப்ப இன்னொரு தடவ பாத்துடுங்களேன்."

படுத்திருந்தவள் தலையைத் தூக்கினாள். "ஏங்க்கா? எதுக்கு இன்னொரு தடவ?"

"ஒன்னுமில்லம்மா. சும்மாதான்."

"சும்மாவா? பின்ன ஒங்க மொகம் ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்கு?"

டாக்டரம்மா என்னை முறைத்தபடி ஒலியைக் கூட்டினார். குழந்தையின் துடிப்பு படபடவென்று அறையெங்கும் கேட்டது. அவள் அதைக் காதில் வாங்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையே கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவரை வரவழைத்தேன். அந்தப் பெண்ணின் ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இவங்க அட்ரஸ் அஞ்சு வரி இருக்குங்க. அதனால நீங்க கிளிக் பண்ற எடம் ஸ்கிரீனோட அடிக்குப் போயிடுது. கீழ எடமில்லன்னா மெனு மேல்பக்கமா தொறக்குது. அப்ப கடைசி வரிதான் அம்புக்குறிக்கு நேரா வருது. நீங்க வெரல எடுத்தாலே அத எடுத்துக்குது. சாஃப்ட்வேர் கோளாறுதான், பயப்படாதீங்க."

மறுவாரம் சரிசெய்து கொடுத்தார்கள். எனக்கு மூச்சு வந்தது. அவளுக்குப் போன் செய்து விளக்க நினைத்தேன். விளக்கினால் திரையில் என்ன விழுந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

சில மாதங்கள் கழித்து அவளைப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். மடியில் குழந்தை. கொழுகொழுவென்றிருந்தது. ஓடிப்போய், "நல்லா இருக்காம்மா?" என்றேன்.

அவள் பதறி, முந்தானையை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடினாள்.

"நீங்க பாக்காதீங்கக்கா" என்றாள். குரலில் கோபமில்லை, கெஞ்சல்தான் இருந்தது.

முந்தானைக்கு வெளியே ஒரு சின்னக் கால் உதைத்துக்கொண்டிருந்தது. நான் அதிலிருந்தும் கண்ணை எடுத்துக்கொண்டேன்.