ஊர் நேரம் காட்டிய மணிக்கூடு

மோர்டனில் எங்கள் குசினிச் சுவரில் இரண்டு மணிக்கூடுகள் இருந்தன. ஒன்று லண்டன் நேரம், மற்றது ஊர் நேரம். கையில் போன் இருக்கும்போது இது என்ன கூத்து என்று மனைவி பகிடி பண்ணுவாள். எனக்குக் கணக்கு ஓடாது. கோடையில் நாலரை மணித்தியாலம், குளிர்காலத்தில் ஐந்தரை என்று மூளையைக் கசக்க என்னால் முடியாது. அண்ணாந்து பார்த்தால் ஊரில் என்ன நேரம் என்று தெரியவேண்டும், அவ்வளவுதான்.

நேரத்தில் ஏமாறக்கூடாது என்ற பிடிவாதம் எனக்குப் பழையது. தொண்ணூறுகளில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று இலங்கை அரசாங்கம் மணிக்கூட்டு முள்ளை முன்னே தள்ளியபோது, போராளிகளின் கையில் இருந்த வன்னியில் அதை ஏற்கவில்லை. அந்தச் சின்னத் தீவுக்கு இரண்டு நேரம். அக்கா அப்போது வன்னியில் இருந்தார். பிறகு சமாதான காலத்தில் டெலிபோன் கடைக்கு வந்து என் அழைப்புக்காகக் காத்திருப்பார். "பழைய நேரம் நாலு மணிக்கு எடு" என்பார். ஒரு நாளும் நான் பிந்தியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன், ஒக்ரோபர் கடைசியில், யாழ்ப்பாணத்தில் அக்காவுக்கு இருதய ஒப்பரேஷன். திங்கட்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு. ஆஸ்பத்திரியில் நோயாளரைப் பார்க்க விடுவது பன்னிரண்டிலிருந்து ஒன்று வரைதான். அந்த நேரம் அக்காவின் கணவர், அத்தான், உள்ளே போவார், நான் அவருடைய போனுக்கு எடுப்பேன் என்று பேசியிருந்தோம்.

பதினாலு வருடமாக அக்கா "எப்பயடா வாறாய்?" என்று கேட்டபடி இருந்தார். லீவு இல்லை, அது இல்லை என்று நானும் சாக்குச் சொல்லிக்கொண்டு இருந்தேன். இந்த முறை தைப்பொங்கலுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒப்பரேஷன் தியேட்டருக்குப் போக முன்னர் என் வாயால் அக்காவுக்குச் சொல்லவேண்டும், அந்தத் தெம்போடு அவர் உள்ளே போகவேண்டும் என்று வைத்திருந்தேன்.

முதல் நாள் ஞாயிறு. இங்கே நேரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைக்கும் நாள். கதிரையில் ஏறி வீட்டிலுள்ள மணிக்கூடுகளைத் திருப்பினேன். எந்த வருடமும் ஊர் மணிக்கூட்டைத் தொடமாட்டேன். இலங்கையில் கோடை நேரமும் இல்லை, குளிர்கால நேரமும் இல்லை. ஆனால் அன்று என் மனம் முழுக்க ஆஸ்பத்திரியில் இருந்தது. கை தன்பாட்டில் அதையும் திருப்பிவிட்டது.

நான் பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட். திங்கள் காலை வீட்டுக்கு வந்து தேத்தண்ணியோடு மணிக்கூட்டுக்கு முன்னால் இருந்தபோது அது பதினொன்று காட்டியது. இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கிறதே என்று உடுப்புக்கூட மாற்றாமல் காத்திருந்தேன். சொல்லப்போவதை இரண்டு மூன்று தரம் எனக்குள் சொல்லிப் பார்த்தேன். முள் பன்னிரண்டுக்கு வந்ததும் எடுத்தேன்.

அத்தான் பேசினார். பின்னால் வாகன இரைச்சல்.

"என்ன தம்பி, இப்ப எடுக்கிறீர்? ஒரு மணியாச்சு. எங்களை வெளியில விட்டிட்டாங்கள்."

அண்ணாந்து பார்த்தேன். நான் செய்த வேலை அப்போதுதான் உறைத்தது.

"அத்தான், நான் டிக்கெட் போட்டிட்டன். ஒருக்கா உள்ள போய் அக்காவுக்குச் சொல்ல ஏலாதோ?"

"இனி விடமாட்டாங்கள். பின்னேரம் அவ கண் முழிச்ச உடன நீரே சொல்லும்."

அக்கா கண் விழிக்கவில்லை.

டிக்கெட்டை மாற்றிக்கொண்டு செத்தவீட்டுக்குப் போனேன். என் பிழைதான், தெரியும். ஆனாலும் அத்தான் மீதும் உள்ளுக்குள் ஒரு கோபம் இருந்தது. நான் எடுக்கவில்லை என்றால் அவர் எடுத்திருக்கலாமே. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு அதைக் கேட்டேன்.

"எடுக்கத்தான் வெளிக்கிட்டனான், தம்பி. அவதான் விடேல்ல. 'ராவேலை செய்திட்டு வந்து அயர்ந்து போயிருப்பான், பாவம், எழுப்பாதேங்கோ' எண்டு என்ர போனை வாங்கித் தன்ர கைக்குள்ள வச்சுக்கொண்டு இருந்தவ. ஒரு மணி வரைக்கும் தரேல்ல."

அந்த ஒரு மணித்தியாலமும் நான் மணிக்கூட்டுக்கு முன்னால் முழித்துக்கொண்டுதான் இருந்தேன்.