அளவான சைக்கிள் காற்சட்டை

ஜேர்மனியின் வுப்பர்டால் நகர மேடுகளில், காற்று ஊசியாய்க் குத்தும் குளிர்காலத்திலும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவள் நான். காலோடு ஒட்டுகிற குளிர்காலச் சைக்கிள் காற்சட்டையைப் போட்டால் எங்கள் சனம் என்ன சொல்லுமோ என்று கூச்சப்பட்டு, இரண்டு அளவு பெரிதாக வாங்கினேன்.

ஒருநாள் சிவப்பு விளக்கில் இறங்கப் போனபோது, தொங்கிய துணி இருக்கையின் நுனியில் மாட்டிக்கொண்டது. சைக்கிளோடு தெருவில் சரிந்தேன். பின்னால் வந்த பஸ், என் தலைக்கு ஒரு முழம் தள்ளிப் பெருமூச்சுவிட்டு நின்றது.

"சனத்துக்குப் பயந்து பஸ்ஸுக்குக் கீழை போகப் பாத்தீரோ?" என்று, வீட்டில் நடந்ததைக் கேட்ட கணவர் கத்தினார்.

இப்போதெல்லாம் கடையிலேயே போட்டு, அங்குள்ள சைக்கிளில் ஏறி இறங்கிப் பார்த்து, எங்கும் தொங்காததைத்தான் வாங்குகிறேன்.

போன சனிக்கிழமை தமிழ்க்கடை வாசலில் ஒருத்தி, "என்னக்கா, இந்த வயதிலை இந்த உடுப்போ?" என்று சிரித்தாள்.

"ஓம் பிள்ளை. நீரும் ஒண்டு வாங்கும், சேர்ந்து மேடேறுவம்" என்றுவிட்டு, நிமிர்ந்து மிதித்தேன்.