நோன்பு மாதத்தில் ஒரு முட்டை சாண்ட்விச்

முட்டை வட்டமாக வர வேண்டும். எனக்கு வந்த முதல் தலைவலி அதுதான். தோசைக்கல்லில் உடைத்து ஊற்றினால் அது தன் இஷ்டத்துக்கு ஓடியது. பன்னுக்கு வெளியே நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. பெரிய கடைகளில் இதற்கென்றே ஒரு வளையம் வைத்திருப்பார்களாம். காரைக்காலில் நான் ஏறி இறங்கிய பாத்திரக் கடைகளில் முறுக்கு அச்சைத்தான் எடுத்துக் காட்டினார்கள். கடைசியில், மகன் துபாயிலிருந்து கொண்டுவந்திருந்த மீன் டப்பா ஒன்றைக் காலி செய்து, தெரிந்த லேத் பட்டறையில் கொடுத்து, அடியையும் மூடியையும் வெட்டி விளிம்பை ராவித் தரச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார் பட்டறைக்காரர். முட்டை பொரிக்க என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருக்கலாம்.

அதுவரை நான் அடுப்படிக்குள் போனதே தண்ணீர் குடிக்கத்தான். இளமை முழுவதும் குவைத்தில் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். அறையில் சமையல் முறை வரும்போதெல்லாம், நான் பாத்திரம் கழுவிவிடுகிறேன் என்று நழுவிவிடுவேன். ஊருக்குத் திரும்பி, காரைக்கால் கோவில்பத்தில் வீடு கட்டிக் குடியேறிய பிறகு கேட்கவே வேண்டாம். என் மனைவி சமைப்பாள், நான் குறை சொல்வேன். அப்படித்தான் எங்கள் குடும்பம் நடந்தது.

அவளுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது மழை ஓய்ந்த சமயம். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கீமோ ஏற்றத் தொடங்கினார்கள். இரண்டாவது முறைக்குப் பிறகு சோறு வேகும் வாசனை வந்தாலே குமட்டினாள். தாளிக்கிற சத்தம் கேட்டாலே கொல்லைப்பக்கம் ஓடினாள். மீன் பேச்சையே எடுக்க முடியாது, அதுவும் எங்கள் ஊரில். ஆஸ்பத்திரிக்கு எதிரே, இளைஞர்கள் கூட்டமாக நிற்கிற ஒரு ஃபாஸ்ட் ஃபுட் கடை இருந்தது. ஒருநாள் வேறு வழி தெரியாமல், கறி சேர்க்காதது எது என்று கேட்டு, முட்டையும் சீஸும் வைத்த காலைச் சாண்ட்விச் ஒன்றை வாங்கி வந்தேன். ஹலாலா என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு காகிதத்தைப் பிரித்து முழுசாகத் தின்றாள். பல நாளுக்குப் பிறகு அவள் மெல்லுவதைப் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதுல ஒரு வாடையும் இல்லீங்க," என்றாள். "அதான் எறங்குது."

ஊரில் அந்த மாதிரிக் கடை காலையில் திறப்பதில்லை. திறக்கிற கடைகளில் இட்லி, பொங்கல், பரோட்டா, எல்லாம் வாடைதான். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: எடை இனிமேல் குறையக் கூடாது, குறைந்தால் அடுத்த மருந்தை உடம்பு தாங்காது, நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். மருந்தை நிறுத்தினால் கட்டி சும்மா இருக்காது என்பதை அவர் சொல்லவில்லை, எங்களுக்கே தெரியும். ஆக, அவள் பிழைப்பது அவள் தின்பதில் இருந்தது. அவள் தின்பது அந்தச் சாண்ட்விச்சில் இருந்தது. நான் அடுப்படிக்குள் போன கதை இதுதான்.

பேக்கரி பன் தித்திப்பாக இருந்தது. பேக்கரிக்காரரிடம் சண்டை போட்டு, சர்க்கரை குறைத்துத் தட்டையாக நாலு பன் தனியே போடச் சொன்னேன். அதைக் குறுக்கே வெட்டி, உள்பக்கத்தில் வெண்ணெய் தடவி, கல்லில் கவிழ்த்துப் போட வேண்டும். வளையத்துக்குள் முட்டையை ஊற்றி, மஞ்சள் கருவைக் கரண்டியால் குத்திவிட்டு, ஒரு ஸ்பூன் தண்ணீர் தெளித்து மூட வேண்டும். வெந்ததும் முட்டையை எடுத்துப் பன்னில் வைத்து, சூடு ஆறுவதற்குள் சீஸ் ஏட்டை அதன் மேல் போட்டு மூடி, காகிதத்தில் இறுக்கிச் சுற்றிக் கொஞ்ச நேரம் விட்டுவிட வேண்டும். உள்ளே ஆவி அடைபட்டு பன் மெத்தென்றாகும். இதையெல்லாம் போனில் வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். விரலைச் சுட்டுக்கொண்டேன், கல்லைத் தீய்த்தேன், வீடியோவில் சிரித்துக்கொண்டே சமைத்தவனைத் திட்டினேன். ஆனால் அவள் தின்றாள். எடையும் ஒரு பொட்டு ஏறியது. டாக்டர் என்னைப் பாராட்டினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். சீர்காழி தாண்டியதும் அவள், "போதும், ஓட்டல் வைக்கப் போறீங்களா?" என்று கேட்டாள்.

அப்புறம் ரமலான் பிறை பார்த்தார்கள்.

நோயாளிக்கு நோன்பு கடமையில்லை. குணமான பிறகு, விட்ட நோன்புகளைத் திரும்ப நோற்க வேண்டும். அதைக் களா என்போம். குணமாகவே வழியில்லாதவர்கள் களா நோற்க முடியாது என்பதால், ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும், அது பித்யா. நான் பித்யா என்ற பேச்சையே எடுக்கவில்லை. "நல்லானதும் களா புடிச்சுக்கலாம் புள்ள," என்று மட்டும் சொன்னேன். அவளும் தலையாட்டினாள். ஆனால் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்றாள்.

"ஊரே நோன்பா இருக்குது. நான் நடு வீட்டுல உக்காந்து திங்கவா? கொல்லைப்பக்க ரூமுல கதவச் சாத்திக்கிட்டுத் தின்னுக்குறேன். நீங்க வந்து எட்டிப் பாக்காதீங்க, எனக்கு வெக்கமா இருக்கும்."

அதில் எனக்குத் தப்பாக எதுவும் படவில்லை. எங்கள் வீடுகளில் நோன்பு விட்ட பெண்கள் அப்படித்தான் மறைவாகச் சாப்பிடுவார்கள், ஆண்களும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார்கள். நான் நோன்போடு நின்று சாண்ட்விச் செய்து, காகிதத்தில் சுற்றி, கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டு, முன்கூடத்துக்குப் போய்க் குர்ஆன் ஓத உட்கார்ந்துவிடுவேன். பிறகு போய்ப் பார்த்தால் தட்டு காலியாக இருக்கும். ருசி பார்க்க முடியாததுதான் கஷ்டம். பெண்கள் நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்துத் துப்பிவிடுவார்கள், அதனால் நோன்பு முறியாது என்பார்கள். எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. உப்பைக் குருட்டாம்போக்கில் போட்டேன். மறுநாள் அவளே சொல்வாள்: "உப்பக் கொஞ்சம் கொறைங்க," "இன்னைக்குச் சரியா இருந்துச்சு." நானும் குறைத்தேன், கூட்டினேன்.

அந்த மாதத்தில் அவளுக்குப் பசி திரும்பியதாகவே நினைத்தேன். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு நான் எழும்போது அவளும் எழுந்து, மாத்திரை போடணும் என்று சொல்லிப் பாலும் வாழைப்பழமும் எடுத்துக்கொள்வாள். பொழுது சாய்ந்து மஃரிபுக்கு நோன்பு திறக்கப் பள்ளிவாசலிலிருந்து கஞ்சி வாங்கி வந்தால், பாங்கு சொன்னதும் என்னை முந்திக்கொண்டு குடிப்பாள். "பாத்துக் குடி, யாரும் புடுங்கிக்க மாட்டாங்க," என்று கிண்டல் செய்தேன். துபாய்க்கு போன் போட்டு, உம்மா கஞ்சி குடிக்கிற வேகத்தைப் பாரடா என்று மகனிடமும் சொன்னேன்.

மாதத்தின் நடுவில் புதுச்சேரிக்குப் போனோம். நர்ஸ் எடை பார்த்தார். இறக்கிவிட்டு மறுபடி ஏற்றிப் பார்த்தார். டாக்டர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கி, "வெயிட் ரொம்ப எறங்கியிருக்கே. வீட்ல என்ன சாப்பிடுறாங்க?" என்று என்னிடம் கேட்டார்.

"முட்டை, சீஸ், வெண்ணெய் எல்லாம் வச்சு தெனம் சாண்ட்விச் சாப்பிடுறா டாக்டர். நானே செய்றேன்," என்றேன். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அவர் அவளைப் பார்த்தார். அவள் முக்காட்டைச் சரி செய்துகொண்டாள். இந்த எடைக்கு மருந்து ஏற்ற முடியாது, நன்றாகச் சாப்பிட வைத்து இரண்டு வாரம் கழித்துக் கூட்டி வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். திரும்பும்போது நோய்தான் அவளைத் தின்கிறது என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை சாண்ட்விச்சை ஸ்டூலில் வைத்துவிட்டு ஓத உட்கார்ந்த பிறகு, தண்ணீர் மோட்டாரை நிறுத்தாமல் வந்தது நினைவுக்கு வந்தது. கொல்லைப்பக்கம் போனேன். வரிச்சிக்குடியிலிருந்து வீட்டு வேலைக்கு வருகிற அம்மா துணி துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். கையில் நான் சுற்றிய காகிதம். பாதி தின்றாகிவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டார். அவரிடம் யாரும் எதையும் மறைக்கச் சொல்லியிருக்கவில்லை போலும், சிரித்துக்கொண்டே சொன்னார்:

"பாயம்மா தெனம் குடுக்குறதுதான் பாய். நல்லா இருக்கு. இன்னைக்குத்தான் உப்பு ஒரு சிட்டிகை தூக்கல்."

மோட்டாரை நிறுத்தாமலே உள்ளே போய்க் கதவைத் தள்ளினேன். அவள் பாயில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தாள். உதடு வெடித்திருந்தது. அப்போதுதான் அதைக் கவனித்தேன்.

"என்ன புள்ள பண்ணிக்கிட்டு இருக்க?"

"நோன்பு புடிச்சிருக்கேன்."

"சாவுறதுக்கா?" என்று கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. "டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. மார்க்கமே வேணாங்குது. நல்லானதும் களா புடிச்சுக்கலாம்னு நான் சொன்னேன்ல?"

அவள் மணியைக் கீழே வைத்தாள். "களா புடிக்கப் பின்னாடி நாள் இருக்கணும்ங்க. எனக்கு இருக்கா? நீங்க சொல்லுங்க, இப்பவே திங்குறேன்."

நான் அவள் கீழே வைத்த மணியைப் பார்த்தேன்.

"அதான்," என்றாள். "நோன்பையும் புடிச்சேன். நீங்க செஞ்சத அந்தம்மாவுக்குப் பித்யான்னு நெனச்சுக் குடுத்துட்டேன். பாவம், அதுவும் வயித்தக் கட்டிக்கிட்டுத்தான் பஸ் ஏறி வருது. ரெண்டுல எது எனக்குச் சரியோ, அத அல்லா எடுத்துக்கட்டும்."

அவள் உயிரோடிருக்க வேண்டும் என்று நான் விரலைச் சுட்டுக்கொண்டு செய்ததெல்லாம், பிழைக்க மாட்டாதவள் கொடுக்கிற பித்யாவாகப் போயிருந்தது. என் கையாலேயே செய்து கொடுத்திருக்கிறேன். அவள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம், எங்கிருந்து வந்ததோ, தெளிவான குரலில் சொன்னேன்: "நாள் இருக்கு. பெருநாள் கழிச்சு நீ விடுற நோன்பெல்லாம் சேர்ந்தே புடிப்போம். நானும் உன்கூடப் புடிக்கிறேன்."

அவள் என் முகத்தை வெகு நேரம் பார்த்தாள். நான் சொல்வதை நான் நம்புகிறேனா என்று தேடியிருப்பாள். என்ன கண்டாளோ தெரியாது. "சரி, கொண்டாங்க," என்றாள்.

புதிதாக ஒரு சாண்ட்விச் செய்தேன். கூடத்தில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, என் எதிரே உட்கார்ந்து தின்றாள். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் வேண்டியிருந்தது. பாதியில் அழுதாள், அழுதுகொண்டே மென்றாள். மிச்சமிருந்த நோன்பு நாட்கள் எல்லாம் அப்படியே தின்றாள். எடை கொஞ்சம் ஏறியது. பெருநாள் கழிந்து ஒரு கீமோ ஏற்றினார்கள். அதற்குப் பிறகு அவள் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. களா நோன்பு எப்ப ஆரம்பிக்கலாம் என்று இரண்டு முறை கேட்டாள். கொஞ்சம் தெம்பு வரட்டும் என்றேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்பே மௌத்தாகிவிட்டாள்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் தொழ வைக்கிற ஹஜரத்திடம் போய் உட்கார்ந்தேன். அவள் விட்ட நோன்புகளுக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்ய வேணாங்க," என்றார். "குணமானா புடிப்போம்ங்குற எண்ணத்துலதானே விட்டாங்க? குணமாகாமலே மௌத்தாயிட்டாங்க. களா புடிக்க அவங்களுக்கு வாய்ப்பே வரல. அவங்க மேல களாவும் இல்ல, பித்யாவும் இல்ல."

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இது தெரிந்திருந்தால் முதல் நோன்பிலிருந்தே அவள் பயமில்லாமல் தின்றிருப்பாளே. "இத முன்னாடியே யாரும் ஏன் சொல்லல ஹஜரத்?" என்று குரலை உயர்த்தினேன். நீங்கள் கேட்கவில்லையே என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "தெரிஞ்சிருந்தா அவங்ககிட்ட எப்படிச் சொல்லியிருப்பீங்க?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டார்.

வெளியே வந்து வண்டியை எடுக்காமல் நின்றேன். எப்படிச் சொல்லியிருப்பேன் என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். நீ இதுலயே மௌத்தாயிட்டா உன் மேல ஒண்ணும் இல்ல புள்ள, சாப்பிடு. அவள் போய்விட்ட பிறகும், கேட்க யாருமில்லாத இடத்திலும், அதன் முதல் பாதியை என்னால் சொல்லி முடிக்க முடியவில்லை.