போர் வராத பம்பாய்

கோமு, நெல்லையப்பா... பிள்ளைகளே, இந்த வாரப் பத்திரிகைப் பத்தியை உங்கள் இரண்டு பேருக்கும்தான் எழுதுகிறேன். மற்ற வீட்டுப் பிள்ளைகளும் கூட உட்கார்ந்து வாசித்தால் சந்தோஷம். போன வாரம் நம் வீட்டில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் பாதிதான் தெரியும்.

வாசகர்களுக்கு முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் பம்பாயில் டீக்கடை வைத்திருந்தார். கோமு பிறந்த வருஷம் போர் வந்தது. அணுகுண்டு விழுந்த ஊர்களில் பம்பாயும் ஒன்று. நம் பக்கம் விழவில்லை. சாம்பல் கலந்த மழையும் பாதி விளைச்சலுமாகக் கொஞ்ச காலம் ஓடியது. பாபநாசத்தில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்த புண்ணியத்தில் நமக்குக் கரண்டாவது இருந்தது. அண்ணனைப் பற்றித்தான் தகவல் இல்லை. செத்தார் என்று சொல்லவும் ஆளில்லை. இருக்கிறார் என்று சொல்லவும் ஆளில்லை.

அண்ணன் மனைவி, என் மதினி, எங்களோடுதான் இருக்கிறார்கள். நெற்றியில் குங்குமம். கழுத்தில் தாலி. ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் பாபநாசம் படித்துறையில் எள்ளும் தண்ணீரும் விடும்போது அப்பா பெயரைச் சொல்வேன், தாத்தா பெயரைச் சொல்வேன். அண்ணன் பெயரை மட்டும் விட்டுவிடுவேன். ஒருவேளை உயிரோடு இருந்தால்? உயிரோடு இருப்பவருக்கு எள் இறைக்கலாமா?

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் புத்தகங்கள் வந்தன.

'போர் வராத ஊர்' வரிசை. மாதம் ஒன்று. அந்தப் போர் வராமலே இருந்திருந்தால் நாடு எப்படி இருந்திருக்கும் — அதுதான் கதை. புத்தகத்துக்கு ஓர் ஊர். பாளையங்கோட்டை வாடகை நூலகத்தில் அடித்துப் பிடித்து வாங்குகிறார்கள். காலேஜ் பையன்கள் வேடிக்கைக்கு வாசிக்கிறார்கள். பெரியவர்களுக்கு வேறு காரணம். டெல்லியில் மகனைத் தொலைத்த ஒருவர், டெல்லிப் புத்தகத்தை மட்டும் திரும்பத் திரும்ப எடுக்கிறாராம். நூலக அண்ணாச்சி இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

நான் படித்தது எட்டாம் வகுப்புதான். கதைதானே, பிள்ளைகள் வாசிக்கட்டும் என்று பம்பாய்ப் புத்தகத்தை எடுத்து வந்தேன். கோமு சத்தமாக வாசித்தாள். மதினி அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார்கள்.

கதையில், தாராவி ஓரத்தில் ஒரு திருநெல்வேலிக்காரர் டீக்கடை. பெயர் கிடையாது. காலையில் போடும் முதல் டீயை யாருக்கும் கொடுக்காமல் ரோட்டில் ஊற்றுவார்.

முறம் நின்றுவிட்டது.

"அது அவுகதான்."

"மதினி, எல்லாக் கடையிலயும் மொத டீய ரோட்டுலதான் ஊத்துவாக. நம்ம பஸ் ஸ்டாண்டுல போய்ப் பாருங்க."

"பஸ் ஸ்டாண்டுக்காரன் ஊத்துவான். அவுகளும் ஊத்துவாக. எழுதுனவரு யாரப் பாத்து எழுதுனாரு? நீங்க கண்டியளா?"

சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் சிரிப்பு வரவில்லை. பேட்டையிலிருந்து சில லாரிகள் வடக்கே போகின்றன — குண்டு விழுந்த ஊர்களில் பழைய இரும்பு எடுத்துவர. போய் வந்தவர்களில் முடி கொட்டியவர்கள், ஈறில் ரத்தம் வருகிறவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. சிலர் வரவே இல்லை. அந்த லாரியில் மதினி இடம் பேசிவிட்டார்கள்! பம்பாய் லோடு. ஆட்களுக்குச் சோறு பொங்கிப் போட ஒருவர் வேண்டுமாம். புதன்கிழமை காலை கிளம்புகிறது.

"அங்கன ஒண்ணுமே இல்ல மதினி."

"புஸ்தகத்துல இருக்கே."

"அது கத!"

"நீங்க சொல்லுததும் கததான். போய்ப் பாத்துட்டு வந்தா சொல்லுதிய?"

கெஞ்சினோம். கோபப்பட்டோம். உங்கள் அம்மா மதினியின் பையை ஒளித்துவைத்தாள். மதினி ஒரு பழைய வேட்டியில் மூட்டை கட்டிக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம். மில்லில் வேலை முடிந்து வருகிறேன். நூலக வாசலில் நின்று அண்ணாச்சி கைதட்டினார். மதினி விஷயத்தை அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

"வே, இங்கன வாரும். பம்பாய் ரெண்டாம் பாகம் வந்துட்டு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உம்ம டீக்கடைக்காரரு செத்துப் போயிருதாரு வே. தண்டவாளத்தத் தாண்டையில ரயில் அடிச்சிருது. இது உம்ம வீட்டுக்கு வேண்டாம்."

"போரே வராத ஊர்ல எதுக்கு அண்ணாச்சி சாகணும்?"

"நல்லாக் கேட்டீரு போம். போர் வரலைன்னா மனுஷன் சாகமாட்டானா?"

புத்தகத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். இதை வாசித்துக் காட்டினால் மதினி லாரி ஏறமாட்டார்கள். கதையை நம்பியவர்கள், இதையும் நம்பித்தானே ஆகவேண்டும்? ஆனால்... இத்தனை வருஷம் தன் நெற்றியில் வைத்துக் காப்பாற்றிய உயிர். அதை நான் எடுக்கலாமா? எடுக்காவிட்டால் நாளைக்கு இன்னொரு உயிர் போகும். இறங்கும்வரை முடிவு பிடிபடவில்லை. புத்தகத்தைச் சாப்பாட்டுப் பைக்குள் தள்ளினேன்.

நெல்லையப்பன் என்ன செய்தான்? வழக்கம்போலத் தின்ன ஏதாவது இருக்கிறதா என்று பையைத் துழாவினான்.

"ஏ கோமு, ரெண்டாம் பாகம்லா!"

மதினி வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"நாளைக்கு வாசிக்கலாம் மதினி," என்றேன்.

"நாளைக்கு நான் இருக்கமாட்டேன். நீ வாசிளா."

கோமு வாசித்தாள். டீக்கடைக்காரர் பால் வாங்கக் கிளம்புகிறார். மழை. தண்டவாளம். அந்த இடம் வந்ததும் கோமு நிறுத்தி என்னைப் பார்த்தாள். எனக்குத் தலையை எந்தப் பக்கம் ஆட்டுவது என்று தெரியவில்லை. "வாசி," என்றார்கள் மதினி. அத்தியாயம் முடியும்வரை வாசித்தாள்.

மதினி பைய கேட்டார்கள்.

"மழ பெருசா பெஞ்சுதா?"

"ஆமா பெரியம்மை."

"யாரு தூக்குனா?"

"நம்ம ஊர்க்காரங்க நாலு பேரு."

"கொள்ளி?"

"பக்கத்துக் கடைக்காரரு மகன்."

"வாயில தண்ணி விட்டாகளா?"

கோமு ஒரு பக்கம் திருப்பினாள். திரும்ப முந்தின பக்கத்துக்கே வந்தாள்.

"விட்டாக பெரியம்மை. கடைப் பானையில இருந்து மொண்டு விட்டாக."

அப்போதுதான் அழுதார்கள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

பிள்ளைகளே, நான் யோசித்துப் பார்த்தேன். ஓர் ஊரே ஒரு நொடியில் போயிற்று என்றால், மனுஷி எங்கிருந்து அழத் தொடங்குவாள்? ஒரு மழை, ஒரு தண்டவாளம், தூக்க நாலு பேர் — அழுவதற்கு இவ்வளவாவது வேண்டியிருக்கிறது. போர் அண்ணனை மட்டுமா கொண்டுபோனது? அவருடைய சாவையும் சேர்த்தல்லவா கொண்டுபோய்விட்டது!

ஆனாலும் எனக்குப் பயம் போகவில்லை. மூட்டை கட்டியபடியே மூலையில் இருந்தது. புதன்கிழமை காலை தெருமுனையில் லாரி ஹாரன் அடித்தது. ஒரு தடவை. இன்னொரு தடவை. மதினி எழுந்து வாசலுக்குப் போனார்கள். உங்கள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளிச்சத்தில் முகம் தெரிந்தது. நெற்றியில் திருநீறு மட்டும்.

"வேற ஆளப் பாத்துக்கிடுங்கப்பா!" என்று தெருமுனையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்கள். பிறகு என்னிடம் திரும்பினார்கள். "அமாவாசைக்கு அவுக பேரையும் சொல்லிருங்க தம்பி."

வெள்ளிக்கிழமை ஆடி அமாவாசை. படித்துறையில் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.

இனி உங்களுக்குத் தெரியாத பாதி. சனிக்கிழமை புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனவன், நூலகத்துக்கு முந்தின பஸ் நிறுத்தத்தில் தனியாக உட்கார்ந்து அந்த அத்தியாயத்தை வாசித்தேன். மழை இருந்தது. நாலு பேர் இருந்தார்கள். கொள்ளி வைத்த பையன் இருந்தான். தண்ணீர் மட்டும் இல்லை. எழுத்துக்கு எழுத்து விரல் வைத்துத் தேடினேன். இல்லவே இல்லை.

கோமு, அந்தப் பானை உனக்கு எங்கே கிடைத்தது? வேண்டாம், சொல்லாதே.

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன். அந்த நாலு பேர் அவரைத் தூக்கும் வரிக்குச் சற்று மேலே, ஓரத்தில், பொடி எழுத்தில் எழுதினேன்: 'கடைப் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு வாயில் விட்டார்கள்.'

வாடகைப் புத்தகத்தில் கிறுக்கினால் அண்ணாச்சி திட்டுவார். திட்டட்டும்.