நின்றுகொண்டே கேட்கும் பதில்

டொக், டொக், டொக். காசை விரல்நுனியில் பிடித்துக்கொண்டு, மேசைமேல் கிடக்கும் வெள்ளைப் பலகையை ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வருகிறார். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. பாதி தூரம் வந்ததும் காசைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, பலகையைத் தூக்கி வந்தவரிடம், "இல்லைங்க. இது படகு. உள்ள மரக்கட்டை வெச்சிருக்கான்" என்கிறார். வந்தவருக்கு இன்னும் மேல்மூச்சு கீழ்மூச்சு அடங்கவில்லை.

தட்டிப் பார்த்தவருக்குத் துறைமுகத்துச் சுமைதூக்கிகள் வைத்திருக்கும் பெயர் 'இல்லக்கா'. விமானப் பொறியாளர். கடலுக்கு மேலே பறக்கையில் காணாமல் போன பயணிகள் விமானத்தின் துண்டு என்று கரையில் யார் எதைப் பொறுக்கினாலும் அது இவருடைய கிடங்குக்குத்தான் வந்து சேரும். குளிர்பெட்டிக் கதவு வந்திருக்கிறது. யார் வீட்டிலோ கழற்றி எறிந்த குளியல்தொட்டியின் பாதி வந்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே மரியாதையோடு தட்டிப் பார்த்துவிட்டுத்தான் 'இல்லை' என்பார். விமானப் பலகைக்குள் தேன்கூடு மாதிரி அறை அறையாக இருக்கும், அதன் சத்தமே வேறு என்று, பத்திரிகைக்கு எழுதப் போன எனக்கும் தட்டிக் காட்டினார். எனக்கு எல்லாம் ஒரே டொக்தான்.

வீட்டிலும் இந்தப் பழக்கம் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தும் கணவர் என்னிடம் புலம்பினார்: "தர்பூசணிய எல்லாரும்தான் தட்டிப் பாப்பாங்க. இவ பீரோவத் தட்டுறா, கதவத் தட்டுறா. நல்லவேளை, கல்யாணத்துக்கு முன்னாடி என்னைத் தட்டிப் பாக்கல."

கிடங்கில் இருப்பது ஒரே ஒரு நாற்காலி. அதிலும் இவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, இவருடைய கைப்பைதான் உட்கார்ந்திருக்கும். நானும் கால் மாற்றி மாற்றி நின்றுதான் பேசினேன். மகனையும் மனைவியையும் பறிகொடுத்தவர்கள் வருகிற இடம், இன்னும் நாலு நாற்காலி போட்டால் என்ன குறைந்துவிடும் என்று கொஞ்சம் சூடாகவே கேட்டேன். "இல்லைங்கறத நின்னுக்கிட்டே கேட்டுட்டுப் போயிடலாம். உக்கார வெச்சா ஆசை வந்துடும்" என்றார். நெஞ்சில் ஈரமில்லாத மனுஷி என்றுதான் அப்போது நினைத்தேன்.

தேடுதலை நிறுத்திவிட்டார்கள். சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஒரு துண்டு கிடைத்தால் மறுபடி கப்பல் அனுப்புவோம் என்று மேலிடம் சொல்லியிருக்கிறது. பயணிகளின் குடும்பங்கள் அந்த ஒரு துண்டுக்காகத்தான் காத்துக் கிடக்கின்றன. 'இருக்கலாம்னு சொன்னாக்கூடப் போதும்' என்று கெஞ்சியவர்கள் உண்டு, கையை ஓங்கியவர்களும் உண்டு. இல்லக்கா மசியவில்லை. "நான் அவசரப்பட்டு ஆமான்னு சொன்னா, கப்பல் தப்பான கடல்ல தேடிட்டு வெறுங்கையோட வரும். அப்புறம் எவன் மறுபடி அனுப்புவான்?"

இவரிடம் அதிகமாக 'இல்லை' வாங்கியவர் ஓய்வுபெற்ற ஒரு பஸ் டிரைவர். அவருடைய ஒரே மகள் அந்த விமானத்தில் போனவள். கரையோரமாக நடந்து நடந்து கண்ணில் பட்டதையெல்லாம் சுமந்து வருவார். இல்லை என்றதும், "சரிம்மா, நாளைக்குப் பாப்போம்" என்று கிளம்பிவிடுவார். அவர் பிடிவாதமும் இவர் பிடிவாதமும் ஒன்றுக்கொன்று சளைத்ததல்ல.

போன மாதம் அவர் ஒரு பலகைத் துண்டைத் தலை துவட்டுகிற துணியில் சுற்றி, குழந்தையை ஏந்துவது போல ஏந்தி வந்தார். பிரித்தால், சோப்புப் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கழுவியிருந்தது. கடலில் மிதக்கும் பொருளின் மேல் சிறு சிப்பிகள் ஒட்டி வளரும். எந்தக் கடலில் எவ்வளவு காலம் மிதந்தது என்பதற்கு அவைதான் சாட்சி. ஆனால் சொந்தக்காரர்கள் யாரும் கழுவாமல் கொண்டுவருவதில்லை. "குளிப்பாட்டிக் கொண்டுவராதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது" என்று இல்லக்கா வாட்டி எடுத்துவிடுவார். அன்றும் வாயைத் திறந்தார்.

"அழுக்கா இருந்துச்சும்மா. அப்படியே தூக்கிட்டு வர மனசு வரல" என்றார் டிரைவர்.

இல்லக்கா திட்டை விட்டுவிட்டுக் காசை எடுத்தார்.

காசு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை போனது. திரும்பி வந்தது. 'இல்லை' மட்டும் வரவில்லை. "வெச்சுட்டுப் போங்கண்ணே" என்றார்.

அது 'ஆமாம்' ஆகிவிடாது. விமானத் துண்டுதான், ஆனால் எந்த விமானம்? எண் பொறித்த தகடு பிய்ந்து போயிருந்தது. டிரைவரின் கை எட்டாத இடுக்கில் மிஞ்சியிருந்த சிப்பிகளை ஊசியால் எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார், முடிவு வர நாளாகும் என்றார்கள். பிறகு ஆணித்துளைகளை ஒவ்வொன்றாக விளக்குப் பிடித்துப் பார்த்தார். ஓரிடத்தில் பெயிண்ட் ஒரு பொட்டளவு உள்வாங்கியிருந்தது. அந்த விமானத்தைக் கடைசியாகப் பழுதுபார்த்த பட்டறைக்குப் போன் போட்டார். "இறக்கைப் பலகையில யாராவது தப்பாத் துளை போட்டீங்களா? எங்கன்னு நான் சொல்லமாட்டேன்." யார் வாயைத் திறப்பார்கள்? எவரும் ஒப்புக்கொள்ளவில்லை. விடாமல் போன் போட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு மெக்கானிக் தானே கிளம்பி வந்தார்.

அவர் வந்த அன்று நான் அங்கே இருந்தேன். டிரைவரும் இருந்தார், வாசல் பக்கம், வழக்கம்போல நின்றுகொண்டு. துண்டின் மேல் அவருடைய அதே துணி போர்த்தியிருந்தது.

"பாக்காம சொல்லுங்க தம்பி" என்றார் இல்லக்கா.

"மேல் ஓரத்துலேர்ந்து மூணாவது துளை அக்கா" என்றார் மெக்கானிக். "டிரில் வழுக்கிடுச்சு. அடைச்சுட்டு, ஒட்டினாப்புல வேற துளை போட்டேன்."

"எதை வெச்சு அடைச்சீங்க?"

"வெள்ளைப் பசை தீந்துபோச்சு. பச்சைதான் இருந்துச்சு. மேல பெயிண்ட் வந்துடுமே, யாருக்குத் தெரியப்போகுதுன்னு..."

"அதே விமானம்தானா?"

"அதேதான்க்கா. அதுக்கு வாங்கின திட்டு இன்னும் காதுல இருக்கு."

இல்லக்கா துணியை விலக்கினார். மூன்றாவது துளைக்குக் கீழே பிளேடை வைத்து மெதுவாகச் சுரண்டினார். வெள்ளை பொரிந்து விழுந்தது. அடியில் பச்சை.

மெக்கானிக் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இல்லக்கா பிளேடை மூடி வைத்தார். வாசலிலிருந்து டிரைவர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, இல்லையா? சரி, நாளைக்குப் பாப்போம்" என்று செருப்பைத் தேடினார்.

இல்லக்கா நாற்காலியிலிருந்து கைப்பையை எடுத்துத் தரையில் வைத்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் டிரைவருக்குப் பின்னால் போட்டு, அதன் முதுகை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.